இரண்டு நாயனம், இரண்டு மைக்

தம்பிகளே, தங்கச்சிகளே, இரண்டு மைக்கை எத்தனை விரற்கடை இடைவெளியில் வைப்பது, எந்தக் கோணத்தில் திருப்புவது என்றெல்லாம் என்னைக் கேட்காதீர்கள். அதெல்லாம் உங்கள் கைப்பேசியிலேயே கிடைக்கிறது. தாடி வைத்த வெள்ளைக்காரர் ஒருவர் மணிக்கணக்காகச் சொல்லித் தருகிறார். நானும் உட்கார்ந்து பார்த்தேன். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மனுஷர் நம் ஊர் நாயனக் கச்சேரி எதற்கும் வந்ததில்லை என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

நீங்கள் தொழிலுக்குப் புதிது. நான் கேசட் காலத்தில் தென்காசியில் ரெக்கார்டிங் கடை போட்டவன். கல்யாணம், கோயில் கொடை, கச்சேரி என்று காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, சமீபத்தில்தான் கழற்றி வைத்தேன். இத்தனை வருஷத்தில் கருவியால் கெட்ட பதிவு ரொம்பக் கொஞ்சம். நான் என்னைப் பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டதால் கெட்டது நிறைய. அதில் ஒன்றைச் சொல்கிறேன். கடையை மூடுவதற்கு முந்தின வருஷச் சாரல் மழைக் காலத்தில் நடந்தது. சம்பந்தப்பட்ட எல்லோரும் சௌக்கியமாக இருக்கிறார்கள். நான் இதை எழுதுவது தெரிந்தால் இரண்டு பேர் என்னை வையலாம். வையட்டும், எனக்கு அது புதிதில்லை.

வடகரை செல்லையா அண்ணாச்சியின் நாயனத்தை நீங்கள் எங்காவது கேட்டிருப்பீர்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாவது நாயனம் வாசிப்பவள் அவருடைய தங்கை உலகம்மாள். பாவாடை கட்டிய வயசிலிருந்து அண்ணனுக்குத் துணையாக வாசிக்கிறாள், இப்போது அவளுக்கே தலை நரைத்துவிட்டது. அந்த உலகம்மாள் ஒரு நாள் காலையில், நனைந்த குடையைக் கடை வாசலில் விரித்து வைத்துவிட்டு உள்ளே வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“அண்ணாச்சி, எங்க அண்ணன் வாசிக்கதையும் நான் வாசிக்கதையும் தனித்தனியா கேக்க மாதிரி ரெக்கார்டு பண்ண முடியுமா?”

“ஏன், ரெண்டு பேருக்கும் சண்டையா?”

“சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல. வேலைக்கு.”

விஷயம் இதுதான். வெளியூரில் ஓர் இசைப் பள்ளியில் நாயனம் சொல்லிக்கொடுக்க ஆள் தேடுகிறார்கள். உலகம்மாள் எழுதிப் போட்டிருக்கிறாள். கச்சேரிப் பதிவு ஒன்று அனுப்பச் சொன்னார்கள். பழைய கல்யாணப் பதிவு ஒன்றை அனுப்பியிருக்கிறாள், அதுவும் நான் ஒற்றை மைக் வைத்து எடுத்ததுதான். அதற்கு வந்த பதிலைக் கைப்பேசியில் காட்டினாள். உங்கள் அண்ணன் வாசிப்பு அபாரம், குறிப்பாக அந்த வேகமான பிருகாக்கள், ஆனால் இதில் உங்கள் வாசிப்பு எங்களுக்குத் தனியாகப் பிடிபடவில்லை, நீங்கள் வாசிப்பது தெளிவாகத் தெரிகிற மாதிரி, மேடையில் எடுத்த, வெட்டு ஒட்டு இல்லாத ஒரு பதிவை இந்த வாரத்துக்குள் அனுப்புங்கள் என்று இருந்தது.

“அந்தப் பிருகா பூராவும் நான் வாசிச்சது அண்ணாச்சி.”

அவள் சிரிக்காமல் சொன்னாள். நான்தான் கெக்கெக்கே என்று சிரித்துவிட்டேன். சிரித்து முடித்த பிறகுதான் அவள் கண் கலங்கியிருப்பதைப் பார்த்தேன். எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது.

அப்புறம் மீதியையும் சொன்னாள். செல்லையா அண்ணாச்சிக்கு மேல்வரிசையில் முன்பல் மூன்று போய்விட்டது. பல்செட் வைத்திருக்கிறார். நிதானமான வாசிப்பு என்றால் இன்றைக்கும் இந்தப் பக்கத்தில் அவரை அடிக்க ஆளில்லை. வேகம் எடுத்தால் பல்செட் நழுவுகிறது. நழுவினால் நாயனத்தின் நுனியில் ஊதுகிற சீவாளி உதட்டில் நிற்காது. அதனால் வேகமான இடம் வந்ததும் அண்ணாச்சி கன்னத்தை உப்பி, விரலை ஓட்டி, புருவத்தைத் தூக்கி எல்லாம் செய்வார். காற்று மட்டும் விடமாட்டார். சத்தம் முழுக்க உலகம்மாளுடையது. எதிரே இருக்கிறவனுக்கு அவர் கன்னத்தைப் பார்த்தால் தங்கைதான் சும்மா பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று தோன்றும். நானே அப்படித்தான் நினைத்திருந்தேன்.

“அண்ணாச்சிக்கு வேலை விஷயம் தெரியுமா?”

“சொல்லல.”

“சொன்னா விட மாட்டாரா?”

“விடுவாரு. சாப்பிட மாட்டாரு.”

குடையை எடுக்க வாசலுக்குப் போனவள் திரும்பினாள். “இன்னும் ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ. அவரு மேடையில இருந்து எறங்கிட்டாருன்னா எனக்கும் மேடை கிடையாது அண்ணாச்சி. துணைக்கு வாசிக்கவள யாரு தனியா கூப்பிடுதா? எனக்கு வேற ஒண்ணும் தெரியாது” என்றாள்.

அந்த வாரம் அவர்களுக்கு இருந்தது ஒரே ஒரு கச்சேரி. இலஞ்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில், ஊர்க்காரர்கள் சேர்ந்து சாரலுக்கு வைக்கிற கச்சேரி. சனிக்கிழமை சாயங்காலம் நாலரை மணி. அதை விட்டால் அவளுக்கு வேறு வாய்ப்பில்லை. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “கவலையை விடு. இடது காதுல அண்ணன், வலது காதுல நீ. பிச்சுப் பிச்சு வச்சிருதேன்” என்றேன். அண்ணாச்சிக்குத் தெரியாமல் இதைச் செய்வது என்று இரண்டு பேரும் முடிவு பண்ணினோம். ஒரு பெரிய வித்வானை ஏமாற்றுகிறோமே என்று எனக்குக் கொஞ்சமாவது உறுத்தியிருக்க வேண்டும். இல்லை. குஷியாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை காலையிலேயே போய்விட்டேன். மேடை விளிம்பில், நாயனக்காரர்கள் உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே, ஒரே தண்டில் இரண்டு மைக். ஆட்டுக்கிடா கொம்பு மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன. சோதித்துப் பார்க்க அண்ணனும் தங்கையும் வந்தார்கள். அண்ணாச்சி மைக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“எதுக்குவே ரெண்டு?”

“ஒண்ணு ஸ்பேரு அண்ணாச்சி. ஒண்ணு மக்கர் பண்ணினா இன்னொண்ணு இருக்கட்டுமேன்னு.”

“போன வருஷம் ஒண்ணுதான வச்சீரு?”

“போன வருஷம் மக்கர் பண்ணிச்சே.”

போன வருஷம் ஒன்றும் ஆகவில்லை. அடுத்து, பின்னால் இருக்கிற சுருதிப் பெட்டியை எடுத்து இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தேன். அப்போதுதான் அவர்கள் ஒட்டி உட்காராமல் ஒரு முழம் தள்ளி உட்காருவார்கள். ஏன் என்று கேட்டதற்கு, பின்னால் இருந்தால் தவில் மைக்கில் இரைகிறது என்றேன். இதுவும் பொய்தான். அண்ணாச்சி ம்ம் என்று விட்டுவிட்டார். நமக்கு இடது பக்கம் அவர், வலது பக்கம் தங்கை. இரண்டு பேரும் ஆளுக்கொரு வர்ணம் வாசித்தார்கள். ஹெட்போனில் கேட்டேன். தேங்காயை இரண்டாக உடைத்து வைத்த மாதிரி அவ்வளவு சுத்தமாகப் பிரிந்து கேட்டது. உலகம்மாளைப் பார்த்துக் கண்ணால் ஒரு சைகை காட்டினேன். எதிரே இருந்த ஓட்டலில் போய் இரண்டு வடை சாப்பிட்டேன்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். நான் சோதித்தது காலி மண்டபத்தில்.

சாயங்காலம் மண்டபம் நிறைந்துவிட்டது. வெளியே சாரல் பிசுபிசுத்துக்கொண்டிருந்தது, எல்லோர் கையிலும் ஈரக் குடை. முதல் உருப்படி நன்றாகப் போனது. இரண்டாவதில் அண்ணாச்சி நிதானமாக ஒரு ராகத்தை எடுத்தார். ஹெட்போனில் அவர் நாயனம் இடது காதிலிருந்து மெல்லக் கிளம்பியது. நடுவுக்கு வந்தது. அதோடு நிற்காமல், சாலையைக் குறுக்கே கடக்கிற எருமை மாதிரி ஆடி அசைந்து வலது காதுக்குப் போய், தங்கை வாசித்துக்கொண்டிருந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது. இப்போது இரண்டு நாயனமும் வலது காதில். எது அண்ணன், எது தங்கை என்று அந்தப் பள்ளிக்கூடத்துக்காரர்கள் என்ன, என்னாலேயே சொல்ல முடியவில்லை.

வயர் போய்விட்டதோ என்று குனிந்து தடவினேன். வயர் நன்றாகத்தான் இருந்தது. நிமிர்ந்து மேடையைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அண்ணாச்சி தன் நாயனத்தின் வாயை வலது பக்கம் திருப்பி வாசித்துக்கொண்டிருந்தார்.

உங்களுக்கு இது தெரியாவிட்டால் தெரிந்துகொள்ளுங்கள். நாயனக்காரர் நேராகப் பார்த்து வாசிக்க மாட்டார். கூட்டத்தில் எவன் ரசித்துத் தலையாட்டுகிறானோ அவனைப் பார்த்துத்தான் நாயனம் திரும்பும். அவனுக்காகத்தான் அடுத்த சங்கதி. அவன் ஆகா என்றால் இன்னொன்று. கல்யாண வீடானாலும் கோயிலானாலும் அப்படித்தான். எத்தனை கச்சேரியில் பார்த்திருக்கிறேன். ஒற்றை மைக் வைத்த காலத்தில் நாயனம் எங்கே திரும்பினால் எனக்கென்ன, அதனால் மனசில் வாங்கவே இல்லை. காலையில் காலி நாற்காலிகளுக்கு முன்னால் அவர் யாரைப் பார்த்துத் திரும்புவார்?

தலையாட்டுகிறவர் யார் என்று தேடினேன். தேட வேண்டிய அவசியமே இல்லை. முன்வரிசையில் வலதுகோடியில், மேலகரத்தில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டர். அவர் சும்மா தலையாட்டுகிறவர் இல்லை. தலை, தோள், தொடை எல்லாம் ஆடும். நல்ல சங்கதி விழுந்தால் போக்குவரத்தை நிறுத்துகிற மாதிரி கையைத் தூக்குவார். அண்ணாச்சிக்கு அந்த மண்டபத்தில் வேறு யாரும் கண்ணில் படவில்லை.

உலகம்மாள் வாசித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அவள் முகம் சுருங்கிவிட்டது. மூன்றாவது உருப்படியோ நாலாவதோ முடிந்தால் பெரிய ராகம் வந்துவிடும். அவள் முழுத்திறமையும் அதில்தான். வெட்டு ஒட்டு கூடாது. பாதியில் மைக்கை நகர்த்தினால் பதிவில் கடமுடா என்று கேட்கும். மைக்கை நகர்த்த முடியாது, வித்வானைத் திருப்ப முடியாது. மிச்சம் இருந்தது இன்ஸ்பெக்டர்தான்.

உருப்படி முடிந்து கைதட்டல் எழுந்ததும் குனிந்தபடியே அவர் நாற்காலிக்கு ஓடினேன்.

“சார், உங்க தலைக்கு மேல ஃபேன் ஆடுது. போல்ட் லூசு போல. அந்தப் பக்கம் இருந்துக்கிடுங்களேன்.”

அவர் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. “அது நான் என் மக கல்யாணம் இங்கன வச்சதுல இருந்து ஆடுது. என் பேத்தி இப்ப காலேஜ் போறா. விழாதுவே, நீரு போம்.”

திரும்பி வரப் பார்த்தேன். அப்போது கண்ணில் பட்டது, நடுப்பாதையில் முக்காலியில் நின்ற கைப்பேசி. ஊர்க்காரர்கள் கச்சேரியை நேரலையாக விட்டுக்கொண்டிருந்தார்கள். மறுபடியும் குனிந்தேன்.

“இல்ல சார், உண்மையைச் சொல்லிருதேன். நேரலையில வெளிநாட்டுல எல்லாம் பாக்காங்க. நீங்க ரசிக்கது ஒரு அழகு. இங்கன இருந்தா உங்க முகம் விழவே மாட்டேங்கு. இடது பக்கம்னா பளிச்சுனு இருக்கும்.”

மனுஷர் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். மீசையை ஒரு நீவு நீவினார். இடதுகோடியில் உட்கார்ந்திருந்த ஒருவரை ஒரு பார்வை பார்த்தார், அவர் தானாகவே எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். காவல்துறையில் இருந்தவர்களுக்கு அந்தப் பார்வை ஓய்வு பெற்றாலும் போகாது.

அடுத்த உருப்படியில் நான் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணாச்சியின் நாயனம் பழக்கத்தில் வலது பக்கம் போனது. அங்கே தலை இல்லை. தேடியது. இடது பக்கம் ஒரு கை தூக்கி நிற்பதைக் கண்டது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், சமர்த்தாக இடது காதுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. இன்ஸ்பெக்டரோ கைப்பேசி இருக்கிற திசையில் முகத்தைக் காட்டிக்கொண்டு முன்னைவிட இரண்டு மடங்கு ரசித்தார். நான் எனக்குள்ளேயே முதுகில் தட்டிக்கொடுத்துக்கொண்டேன். இந்த இடத்தில் நிறுத்தினால் இது நான் கெட்டிக்காரன் என்கிற கதை. அதைச் சொல்லத்தான் எனக்கும் ஆசை.

பெரிய ராகத்துக்கு முன்னால் தவில்காரர்கள் தனியாக ஒரு சுற்று வாசித்தார்கள். நாயனக்காரர்களுக்கு அது தண்ணீர் குடிக்கிற நேரம். அண்ணாச்சி என்னைப் பார்த்து ஒரு விரலை மடக்கினார். மேடைப் படியில் ஏறி அவர் பக்கத்தில் குந்தினேன். தவில் சத்தத்தில் வேறு யாருக்கும் எதுவும் கேட்காது.

“அந்த இன்ஸ்பெக்டர எதுக்குவே இடம் மாத்துனீரு?”

“நேரலையில அவரு முகம் விழலைன்னு...”

“அந்த போனு ஆரம்பத்துல இருந்து மேடையத்தான பாத்துக்கிட்டு இருக்கு. அவரு அங்கன இருந்தா என்ன, இங்கன இருந்தா என்ன?”

அவர் சுருதிப் பெட்டியைப் பார்த்தார். இரண்டு மைக்கையும் பார்த்தார். இத்தனை வருஷம் மேடையில் உட்கார்ந்தவருக்குக் கூட்டிக் கழித்துப் பார்க்கத் தெரியாதா?

“ஸ்பேரு இல்ல, அப்படித்தான? ஒரு மைக்க அணைச்சுப் போடும்.”

இங்கேதான் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். பதற்றத்தில், “இப்ப அணைச்சா பதிவு பாதியில மாறிப்போவும் அண்ணாச்சி. பள்ளிக்கூடத்துல எடுத்துக்கிட மாட்டாவ” என்றேன்.

“எந்தப் பள்ளிக்கூடத்துல?”

அந்தப் பக்கம் உலகம்மாள் சீவாளியை வாயில் வைத்து ஈரமாக்கிக்கொண்டு தலையைக் குனிந்திருந்தாள். எங்கள் பேச்சு அவளுக்குக் கேட்கவில்லை. தவில் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தது, இன்னும் இரண்டு மூன்று நிமிஷம் இருக்கலாம். இன்னொரு பொய் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. நல்ல பொய்யாகவே ஒன்று வாய்க்குள் இருந்தது. காலையிலிருந்து அவரிடம் நாலு சொல்லிவிட்டேன், நாலையும் அவர் பொறுத்துக்கொண்டார். ஐந்தாவதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடம், வேலை, அவர்கள் எழுதிய பதில், எல்லாவற்றையும். நாலே வரிதான்.

“பிருகா அபாரம்னு எழுதியிருக்கானுவளா?”

“ஆமா.”

“என் பேரப் போட்டு?”

“ஆமா அண்ணாச்சி.”

“நான் சும்மா இருந்தா அது இதுல தெரியுமா?”

“தெரியும்.”

அவர் முகத்தை என்னால் படிக்க முடியவில்லை. “சரி, போயி உம்ம இடத்துல இரும்” என்றார். மைக்கை அணைக்கவா வேண்டாமா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. கேட்டிருந்தால் அணை என்று சொல்லியிருப்பார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஒரு பெண்ணின் பிழைப்பை உளறிக் கெடுத்துவிட்டோமே, அவர் எழுந்து போய்விட்டால் அவளுக்குக் கச்சேரியும் இல்லை, பதிவும் இல்லை, அண்ணனும் இல்லையே என்று நினைத்துக்கொண்டே படி இறங்கி ஹெட்போனை மாட்டினேன்.

தவில் முடிந்தது. அண்ணாச்சி கரகரப்ரியாவை எடுத்தார். மெதுவாக, நாலைந்து பிடிகள். பல்செட்டாவது ஒன்றாவது, அந்த நாலைந்து பிடியில் மண்டபமே அடங்கிவிட்டது. தங்கைக்கு விட்டார். அவள் வாசித்தாள். திரும்ப இவர். திரும்ப அவள். பிருகா வருகிற இடம் நெருங்கியது. வழக்கமாகக் கன்னம் உப்புகிற இடம். அண்ணாச்சி நாயனத்தை வாயிலிருந்து எடுத்தார். துண்டால் துடைத்தார். மடியில் படுக்க வைத்துவிட்டார்.

உலகம்மாள் திடுக்கிட்டுத் திரும்பினாள். நடந்தது என்ன என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. வாசிப்பு ஒரு நொடி நின்றது, அந்த நொடி பதிவிலும் இருக்கிறது. அண்ணாச்சி அவளைப் பார்க்காமல் நேரே பார்த்துக்கொண்டு, “ஏட்டி, வாசி” என்றார். அதுவும் இடது காதில் இருக்கிறது.

அவள் வாசித்தாள். என்னத்தைச் சொல்ல. இத்தனை வருஷமாக அண்ணன் கன்னத்துக்குப் பின்னால் இருந்த அவ்வளவும் வெளியே வந்தது. ராகம் முடிந்து கீர்த்தனை தொடங்குகிற இடத்தில் அண்ணாச்சி பின்னால் கையை நீட்டினார். பின்னால் இருந்தவர் தாளம் போடுகிறவர், கையில் ஜால்ரா. அவருக்கு முதலில் புரியவில்லை. சொம்பை எடுத்துக் கொடுத்தார். அண்ணாச்சி தலையாட்டி, ஜால்ராவை வாங்கிக்கொண்டார்.

மேளக் குழுவில் ஜால்ரா யார் கைக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். எல்லோரிலும் இளையவன் கைக்கு, இல்லை வாசிக்கத் தெரியாதவன் கைக்கு. பெரிய நாயனக்காரர் தொடமாட்டார். அண்ணாச்சி அந்தக் கீர்த்தனை முழுக்கத் தங்கைக்குத் தாளம் போட்டார். போட்டுக்கொண்டே தலையாட்டினார். இன்ஸ்பெக்டர் கையைத் தூக்கியபடி, யாரைப் பார்த்து ரசிப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அந்தரத்தில் வைத்திருந்தார்.

உலகம்மாளுக்குத் தலையாட்டி ரசிக்கிற ஆள் அதற்கு முன் வாய்த்ததில்லை. அவள் நாயனம் மெல்ல இடது பக்கம் திரும்பியது, அண்ணனைப் பார்த்து. என் ஹெட்போனில் அவள் வலது காதிலிருந்து கிளம்பி நடந்தே போய்விட்டாள். பொய்யாய்ச் சொல்லிப் பாடுபட்டுப் பிரித்து வைத்ததெல்லாம் போச்சு. நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தம்பிகளே, தொழிலில் எப்போது கையை வைக்க வேண்டும் என்று உங்களுக்கு எல்லோரும் சொல்லித் தருவார்கள். வைக்காமல் இருக்க நான் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். அழுதேன் என்று நினைக்க வேண்டாம். மண்டபத்தில் ஊதுபத்திப் புகை.

பதிவை ஒரு இணுக்கு வெட்டாமல் அன்றைக்கே அனுப்பினோம். கொஞ்ச நாளில் வேலை கிடைத்துவிட்டது.

அவள் ஊருக்குக் கிளம்பிய அன்று, தென்காசி ஸ்டேஷனில் ரயிலேற்றி விட்டுவிட்டு அண்ணாச்சி நேரே என் கடைக்கு வந்தார். கச்சேரிக்குப் பிறகு என்னிடம் அவர் பேசவே இல்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, கொஞ்ச நேரம் கடையைச் சுற்றிப் பார்த்தார்.

“சாப்பிட்டீகளா அண்ணாச்சி?”

“அதெல்லாம் இருக்கட்டும். எனக்கும் அந்தப் பதிவுல ஒரு காப்பி வேணும். ஆனா பழைய மாதிரி ரெண்டையும் ஒண்ணாக் கலந்து குடும். வீட்டுக்கு நாலு பேரு வருவான், போவான், கேப்பான்.”

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். கலக்குவது ஒரு பெரிய வேலையில்லை, ஆனால் கச்சேரி முழுக்க என்பதால் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரை கேளுங்கள் என்று ஹெட்போனை அவர் தலையில் மாட்டி, கச்சேரியை முதலிலிருந்து ஓடவிட்டேன்.

முதலில் லேசாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஆட்டம் நின்றது. வேகமான இடம் வந்திருக்கும். ஹெட்போனின் இடது காதுப் பக்கத்தைக் கையால் அழுத்திப் பிடித்துப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. அவர் கன்னத்தை உப்பிக்கொண்டு இருந்த நேரம் அது. பிறகு அந்தக் கை மெல்ல வலது பக்கத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. நான் வேலையைப் பார்க்கிற மாதிரி கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரொம்ப நேரம் கழித்துக் கழற்றினார்.

“இம்புட்டு வாசிப்பாளாவே அவ?”

“உங்களுக்குத் தெரியாததா அண்ணாச்சி.”

“எங்க தெரிஞ்சிச்சு? இத்தனை வருஷமா இந்தா, கை எட்டுத தூரத்துலதான் இருந்தா. என் சத்தம் ஓய்ஞ்சிருந்தாலும் அடுத்து எப்ப ஊதணும்னு அதுலயே குறியா இருந்தேன். ஒரு நாளு அவள கேட்டேனா? கேக்கலயே.”

பல்செட்டை நாக்கால் ஒருமுறை சரிபண்ணிக்கொண்டார். கண்ணைத் துடைக்கவும் செய்தார். கலந்த காப்பி தயாராகிவிட்டது, பென்டிரைவை நீட்டினேன். வாங்கவில்லை.

“கலக்க வேண்டாம். இருக்க மாதிரியே குடும்.”

“வீட்டுக்கு நாலு பேரு வருவாங்கன்னீகளே. இதுல யாரு வாசிக்கா, யாரு சும்மா இருக்கான்னு பச்சைப்பிள்ளைக்கும் தெரிஞ்சிருமே.”

அண்ணாச்சி அதையும் யோசித்துத்தான் வைத்திருந்தார். “எவனாவது கேட்டா, ரெக்கார்டிங்காரரு வயசாகி வயர மாத்திச் சொருகிட்டாரு, வலது பக்கத்துல கேக்கது நாந்தான்னு சொல்லிருவேன். உம்மகிட்ட வந்து கேட்டா நீரும் ஆமான்னு சொல்லணும்” என்றார்.

சொல்கிறேன் என்றேன். வேறென்ன செய்ய. அதனால் நீங்கள் வடகரைப் பக்கம் வேலைக்குப் போனால், கடைசிக் காலத்தில் எனக்கு இடது எது வலது எது என்று தெரியாமல் போய்விட்டது என்று யாராவது உங்களிடம் சொல்லிச் சிரிப்பார்கள். ஆமாம், அவர் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.